கறுப்புக் கல், சிவப்புக் கடல்

தீபகற்ப மலேசியாவில் எரிமலையா என்று கேட்பவர்களை பெசேராவுக்குத்தான் கூட்டிப்போக வேண்டும். குவாந்தானுக்கு வடக்கே, ஏறக்குறைய 10 கிலோமீட்டரில் இருக்கும் பழைய மீனவக் கம்போங். கருவாட்டுக்குப் பேர்போனது. படகில் வந்த மீனை எருமைகளை வைத்துக் கரையேற்றிய ஊர்.

மேருவிலிருந்து நான் போனது அதன் பக்கத்தில் இருக்கும் பத்து ஹித்தாம் கடற்கரையைப் பார்க்க. பேருக்கு அர்த்தமே கறுப்புக் கல். எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய பசால்ட் பாறை அது. குவாந்தான் பசால்ட்டுக்கு வயது 16, 17 லட்சம் ஆண்டுகள் என்பது புவியியலாளர் கணக்கு. தீபகற்பத்து எரிமலைப் பாறைகளில் இதுதான் ஆக இளையது.

பொறியாளன் என்பதால் எனக்குக் கல்லைவிட மண்மேல்தான் கண். வெயிலும் மழையும் பசால்ட்டை மெல்ல மெல்லச் சிதைக்கின்றன. சிலிக்கா கரைந்து போய்விடும்; இரும்பும் அலுமினியமும் தங்கிவிடும். இரும்பு துருவேறிச் சிவக்கும். தோட்டத்து மண் சடக்கில் நடந்தவர்களுக்கு அந்த நிறம் தெரியும். அலுமினியம் அதிகமாகச் சேர்ந்த மண்ணுக்குப் பேர் பாக்சைட்.

2014 ஜனவரியில் இந்தோனேசியா அதன் ஏற்றுமதியை நிறுத்தியது. சீன ஆலைகளின் பார்வை குவாந்தான் பக்கம் திரும்பியது. புக்கிட் கோ பெல்டா நிலங்களில் செம்பனைகளைச் சாய்த்துவிட்டுத் தோண்டினார்கள். லோரிகள் துறைமுகத்துக்கு ஓடிக்கொண்டே இருந்தன. 2013இல் 2 லட்சம் டன்னைக்கூட எட்டாத ஏற்றுமதி, 2015இல் 2 கோடி டன்னைத் தாண்டியது.

செம்மண்ணும் மழையும் கலந்தால் நமக்குச் செம்புலப்பெயனீராரின் காதல்தான் ஞாபகம் வரும். 2015 டிசம்பர் மழையில் இங்கே கலந்தது வேறு. கடலே சிவந்துபோனது. 2016 ஜனவரி 15இல் தோண்டுவதற்குத் தடை வந்தது. மூன்று மாதத்துக்கு என்று ஆரம்பித்து, நீட்டித்து நீட்டித்து, 2019 மார்ச்சில்தான் விலக்கினார்கள்.

16 லட்சம் ஆண்டுகளில் உண்டான மண், இரண்டே வருசத்தில் கப்பலேறியது. நிலத்துக்குக் கிராண்ட் வைத்திருந்த பெல்டா குடியேறிகள் பலருக்குக் காசாவது கிடைத்தது. கடலுக்கு யாரிடமும் கிராண்ட் கிடையாது. அதனால் வலையைத் தூக்கிக்கொண்டு போனவனிடம் யாரும் விலை பேச வரவில்லை. பாக்சைட் வரலாற்றை டன்னில் எழுதினால் பெசேராவுக்கு அதில் ஒரு வரிகூட இருக்காது. கடற்கரையிலிருந்து எழுத ஆரம்பித்தால்தான் அந்த ஊர் கணக்கில் வரும்.