எருமையூரில் இரண்டு வெள்ளிக்கிழமைகள்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. காபியோ டீயோ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க மக்களே.

ஊரிலிருந்து யார் போன் பண்ணினாலும் முதல் கேள்வி, "அங்க பனி எப்படிப்பா?" அம்மாவுக்குப் பனி என்றால் மார்கழிப் பனி. மப்ளரைக் காதோடு சேர்த்துச் சுத்திக்கிட்டா விஷயம் முடிஞ்சுது. 2023 ஆகஸ்டில் பெட்டியோடு இந்த பஃபலோவில் வந்து இறங்கியபோது எனக்கும் அதுக்கு மேல எதுவும் தெரியாது. (எருமையூர் என்று பெயர் வைத்தது எங்க செட்டுதான். உள்ளூர்க்காரங்க காதுல விழாம பாத்துக்கிறோம்.)

சும்மா ஒரு தகவல். நம்ம ஊர்ல மே மாசம் நம்மைக் காப்பாத்துற ஏசி இருக்கே, அதுக்கு 1902-ல் வரைபடம் போட்ட வில்லிஸ் கேரியர் இந்த ஊர்க் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த இன்ஜினியர். வருஷத்துல பாதி நாள் நடுங்குற ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு குளுமை பண்ணுற மெஷினை யோசிச்சிருக்கார் மனுஷன். என்னத்தைச் சொல்ல!

சரி, விஷயத்துக்கு வரேன். இந்த ஊர்ல வயசான யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் மூணாவது வாக்கியத்துல "எழுபத்தேழு" வந்துடும். நம்ம பெரியவங்க புயலை வச்சு வருஷக் கணக்கு சொல்ற மாதிரிதான். எங்க பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு அப்ப பத்தொன்பது வயசாம். டவுன்ல ஆபீஸ் வேலை. 1977 ஜனவரி 28, வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போனவர், மூணு நாள் கழிச்சுத்தான் வீடு திரும்பினாராம். ரெண்டு ராத்திரி ஆபீஸ் தரையில், கோட்டையே போர்வையாக்கித் தூக்கம். சாப்பாடு? மிட்டாய் விக்கிற மெஷின்ல இருந்தது தீர்ற வரைக்கும் மிட்டாய். அவர் சொல்லச் சொல்ல, அப்படி என்னதான் நடந்ததுன்னு நூலகத்தில் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். அதன் விளைவுதான் இந்தப் பதிவு.

பஃபலோ, எரீ ஏரியின் கிழக்கு முனையில் இருக்கு. ஏரின்னதும் நம்ம ஊர்க் கண்மாயை நினைச்சுக்காதீங்க. நீளமே சுமார் 388 கிலோமீட்டர். ஐந்து பேரேரிகளிலும் ஆழம் குறைஞ்சது இதுதான், சராசரி 19 மீட்டர். குளிர்காலத் தொடக்கத்தில் மேற்கிலிருந்து வரும் குளிர்ந்த காற்று, இன்னும் சூடு ஆறாத ஏரித் தண்ணீர் மேல நீளவாக்கில் ஓடி வரும். வழியெல்லாம் ஈரத்தை உறிஞ்சி, கரை ஏறினதும் பனியாகக் கொட்டும். இது வருஷா வருஷம் நடக்கிற கூத்து. ஏரி உறைஞ்சு மூடிட்டா காற்றுக்கு ஈரம் கிடைக்காது, கடையைக் கட்டிடும். அதனால் ஏரி உறைஞ்சா ஊர்க்காரங்களுக்கு ஒரு நிம்மதி.

அந்த வருஷக் கோளாறே அதுலதான் ஆரம்பிச்சது. 1976 டிசம்பர் 14-ம் தேதியே ஏரி உறைஞ்சு போச்சு. வழக்கத்தை விட ரொம்ப முன்னாடி. இனிமே பெரிசா ஒண்ணும் வராதுன்னு நம்பியிருக்காங்க. ஆனா கிறிஸ்துமஸ் தொடங்கி கிட்டத்தட்ட தினமும் கொஞ்சம் கொஞ்சமா பனி பெய்தபடி இருந்தது. ஊருக்குள் விழுந்தது சுமார் மூணு அடி உயரத்துக்குக் கெட்டிப்பட்டுக் கிடந்தது. ஏரி மேல விழுந்தது? இறுகாம, மாவு மாதிரி, ஆயிரக்கணக்கான சதுர மைல் பரப்பில் அப்படியே விரிச்சு வச்ச மாதிரி கிடந்தது. ஒரு பெரிய காத்துக்காகக் காத்துக்கிட்டு இருந்ததுன்னுதான் சொல்லணும்.

வெள்ளிக்கிழமை முற்பகல் பதினொரு மணி வாக்கில் அந்தக் காத்து வந்தது. அதிகபட்ச வேகம் மணிக்கு 69 மைல், அதாவது 111 கிலோமீட்டர். காலையில் மைனஸ் மூணு டிகிரி இருந்த குளிர், சில மணி நேரத்துக்குள் மைனஸ் பதினெட்டுக்கு இறங்கியது. ஏரி மேல கிடந்த மாவு மொத்தமும் கிளம்பி ஊருக்குள் வந்தது. பிப்ரவரி 1 வரை நீடித்த அந்தப் புயலில் வானத்திலிருந்து புதுசா விழுந்த பனி வெறும் 12 அங்குலம்தான்! இந்த ஊருக்கு அது ஜுஜுபி. சில இடங்களில் முப்பது அடி உயரத்துக்குக் குன்று குன்றாக் குவிஞ்சதெல்லாம் ஏற்கனவே பெய்து முடிச்ச பனி. காத்துல அடிபட்டு உடைஞ்ச பனித்துகள் ஒண்ணோட ஒண்ணு இறுகி சிமென்ட் மாதிரி ஆயிடுது. சாதாரணமா பனி தள்ளுற வண்டிகளால அசைக்க முடியலை. மண் அள்ளுற பெரிய இயந்திரங்களும் ராணுவமும் வர வேண்டியதாச்சு. மிருகக்காட்சிசாலையில் வேலி உயரத்துக்குப் பனி குவிஞ்சு, மூணு கலைமான்கள் அதன் மேல ஏறி, ஹாயா நடந்து வெளியே போயிடுச்சாம். எல்லையைத் தாண்டி கனடா பக்கம் போர்ட் கோல்போர்ன் பகுதியில் பிள்ளைகள் வீட்டுக்குப் போக வழியில்லாம பள்ளிக்கூடத்திலேயே தங்கினார்கள்.

மொத்தம் 29 பேர் இறந்தார்கள். அதில் 9 பேர் கிடைத்தது பனிக்குள் புதைஞ்சு போன கார்களில்.

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கணும். வந்தது வெள்ளிக்கிழமை காலை, ஊரே வேலைக்குப் போன பிறகு. வீட்டில் இருந்தவங்க பெரும்பாலும் தப்பிச்சாங்க. வழியில் மாட்டினவங்கதான் போனாங்க. அந்தக் குளிர்காலத்தில் அமெரிக்கா முழுக்க இயற்கை எரிவாயுத் தட்டுப்பாடு வேற. வீடுகளுக்குக் குறையாமல் கொடுக்க வேண்டி, பல ஊர்களில் தொழிற்சாலைகளையும் பள்ளிகளையும் மூடினார்கள். ஜிம்மி கார்ட்டர் பதவியேற்று ரெண்டு வாரம் கூட ஆகலை. பிப்ரவரி 2-ம் தேதி கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு டிவியில் வந்து, வீட்டுச் சூட்டைப் பகலில் 65, இரவில் 55 ஃபாரன்ஹீட்டில் வச்சுக்கோங்கன்னு நாட்டு மக்களைக் கேட்டுக்கிட்டார். நம்ம கணக்கில் 18, 13 டிகிரி. (எங்க வீட்டில் 20-க்கு வைக்கணுமா 22-க்கா என்று மாசா மாசம் பஞ்சாயத்து. கேஸ் பில்லைப் பார்த்தா நானும் கார்ட்டர் கட்சிதான்.) அதே மாதம் 5-ம் தேதி இந்தப் பகுதியை அவர் பேரிடர் பகுதி என்று அறிவித்தார். பனிக்காக அப்படி அறிவித்தது அமெரிக்க வரலாற்றில் அதுவே முதல் தடவை.

இதுக்கப்புறம் இந்த ஊருக்கு ஒரு மாதிரி கெத்து வந்துடுச்சு. புயலை வச்சு ஒரு விளையாட்டு அட்டை கூடப் போட்டு வித்திருக்காங்க. 1985-ல் இன்னொரு பனிப்புயல் வந்தபோது மேயர் ஜிம்மி கிரிஃபின், வெளியே போகாதீங்க, பீர் வாங்கி வச்சுக்கிட்டு ஃபுட்பால் பாருங்கன்னு சொன்னார். ஊரே சிரிச்சது, இன்னைக்கும் சொல்லிச் சிரிக்குது. 2014 நவம்பரில் தெற்குப் பக்கம் அஞ்சு அடிக்கு மேல கொட்டி நெடுஞ்சாலையில் வண்டிகள் சிக்கின. அப்போதும் ஊரின் வடக்குப் பகுதியில் சில அங்குலம்தான். ஏரிப்பனி அப்படித்தான், தெருவுக்குத் தெரு பாரபட்சம் பார்க்கும். "நாங்க பாக்காத பனியா" என்கிற எண்ணம் ஊறிப் போச்சு. என் பார்வையில் அந்தக் கெத்துதான் அடுத்த தடவை ஆளைக் கொன்னது.

அடுத்த தடவையும் வெள்ளிக்கிழமைதான். 2022 டிசம்பர் 23.

இந்த முறை 'தெரியாமப் போச்சு' என்று சொல்ல வழியே கிடையாது. தேசிய வானிலை நிலையம் பல நாள் முன்னாடியே தெளிவாக எச்சரித்தது. ஆனால் வண்டி ஓட்டத் தடை நடைமுறைக்கு வந்தது வெள்ளி காலை 9:30-க்கு. காலை ஷிப்ட்காரங்க ஏற்கனவே வேலைக்குப் போயாச்சு. 45 வருஷம் கழிச்சும் அதே வெள்ளிக்கிழமை, அதே தப்பு. லீவு சொன்னா சம்பளம் போயிடுமேங்கிறவங்களுக்கு அரசாங்கம் 'போகாதே'ன்னு சொன்னால்தான் வீட்டில் இருக்க முடியும். அதை ராத்திரியே சொல்லியிருக்கலாம் என்று அப்போதே எல்லாரும் கேட்டாங்க. இன்னமும் கேக்குறாங்க.

ஏரி இந்தத் தடவை உறையலை. அதனால் காத்தும் அடிச்சது, பனியும் நிஜமாவே கொட்டியது. விமான நிலையத்தில் பதிவானது 51.9 அங்குலம். ஒன்றரை நாள் தொடர்ச்சியா, நீட்டின கை தெரியாத வெள்ளை. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, பனி தள்ளுற வண்டி எல்லாமே வழியில் மாட்டிக்கிச்சு. உதவி கேட்டா வர ஆளில்லை. எரீ, நயாகரா மாவட்டங்களில் 47 பேர் இறந்தார்கள்.

எங்கே இறந்தார்கள் என்பதைப் பாருங்க. காருக்குள் சிலர். பலர் தெருவில், நடந்து போகும்போது. அடுத்தபடியா, சூடில்லாத சொந்த வீட்டுக்குள்ளேயே. ஒரு துணைமின் நிலையத்தின் மேல 18 அடிப் பனி கிடந்ததாக மாவட்டத் தலைவர் மார்க் போலன்கார்ஸ் சொன்னார். ஆட்கள் அங்கே போய்ச் சேரவே முடியலை. "கேஸ்தானே வீட்டைச் சூடாக்குது, கரண்ட் போனா என்ன?"ன்னு நானும் கேட்டிருக்கேன். கீழ்த்தளத்தில் இருக்கும் ஃபர்னஸுக்கு கேஸ் மட்டும் போதாது. அதைப் பத்த வைக்கவும், சூடான காத்தை வீடு முழுக்கத் தள்ளவும் கரண்ட் வேணும். கரண்ட் போச்சுன்னா கேஸ் குழாய் நிறைய இருந்தும் வீடு ஐஸ் பெட்டி. இங்கே பழைய மரவீடுகள் ஏராளம், ஜன்னல் இடுக்கெல்லாம் காத்து. பஃபலோ நகருக்குள் இறந்தவர்களில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். நகர மக்கள் தொகையில் அவங்க ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான். அவங்க அதிகமா வாழும் கிழக்குப் பகுதியில்தான் வீடுகளும் பழசு, காய்கறி மளிகைக் கடைகளும் குறைச்சல். வாரம் பூரா வாங்கி அடுக்கி வைக்க ஃப்ரிட்ஜும் காரும் காசும் உள்ளவனுக்குத்தான் 'வீட்டிலேயே இரு' என்கிற அறிவுரை.

நல்லதும் நடந்தது. வழியில் சிக்கிய கொரிய சுற்றுலாப் பயணிகளை ஒரு குடும்பம் வீட்டுக்குள் கூப்பிட்டு வச்சுக்கிட்டது. கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டு அடுப்பில் கொரியச் சமையல்! இன்னொருத்தர் ஒரு பள்ளிக்கூடத்து ஜன்னலை உடைச்சு உள்ளே போய், தெருவில் கிடந்த இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் காப்பாத்திட்டு, மன்னிப்புக் கடிதம் எழுதி வச்சுட்டுப் போனார்.

எங்க வீட்டு சீனியர் அண்ணன் கதை இதுக்கு நடுவுல ஒரு ரகம். அப்போ இதே வீட்டில் நாலு பசங்க. ரெண்டு நாள் கரண்ட் இல்லை. முதல் நாள் ஜாலி. நாலு பேரும் ஒரே அறைக்குள், ஜன்னலுக்குப் போர்வை தொங்கவிட்டு, கதவு இடுக்கில் துண்டைச் சுருட்டி வச்சு, சீட்டுக்கச்சேரி. தீக்குச்சி கிழிச்சா கேஸ் அடுப்பு எரிஞ்சது, சோறும் ரசமும் ஓடிச்சு. ராத்திரி குளிர் தாங்காம, அடுப்பு நாலையும் எரிய விட்டுட்டு சமையலறையிலேயே படுத்திருக்காங்க. நடுராத்திரி கூரையில் இருந்த அலாரம் பீப் பீப்புன்னு கத்தியிருக்கு. பேட்டரி தீர்ந்துடுச்சு போலன்னு ஒருத்தன் எழுந்து கழட்டிப் போட்டுட்டான்! அது கார்பன் மோனாக்சைடு அலாரம். நிறமும் வாசமும் இல்லாத விஷவாயு. இழுத்து மூடின அறையில் அடுப்பு எரிஞ்சா சத்தமில்லாம சேரும். தலைவலின்னு ஒருத்தன் புலம்ப, அவன் போன்ல பேசிக்கிட்டு இருந்த நம்ம பக்கத்து வீட்டுப் பாட்டிதான், "அடுப்பை அணை, ஜன்னலைத் திற, இப்பவே"ன்னு கத்தியிருக்கார். திறந்ததும் பனி உள்ளே வந்து விழுந்திருக்கு. "குளிர்ல செத்திருந்தா கூட வீட்டுக்குச் சொல்ல கௌரவமா இருந்திருக்கும்டா"ன்னு அண்ணன் இப்ப சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரலை.

அதே பாட்டிதான் எனக்குப் பாடம் எடுத்தவர். குழாயைச் சொட்டுச் சொட்டா விடு, இல்லேன்னா பைப்பு வெடிக்கும். பனியை மண்வெட்டியில் குத்தித் தூக்காதே, தள்ளு. நெஞ்சு வலி வந்து போறவங்க அதிகம். ஃபர்னஸ் புகை வெளியே போற வெள்ளைக் குழாய் சுவத்துல தரைக்குக் கொஞ்சம் மேலதான் இருக்கும், அதன் வாயைப் பனி மூட விடாதே. போன குளிர்காலத்தில் அதை மறந்து, விடிகாலை நாலு மணிக்கு ஃபர்னஸ் தானா நின்னு போய், பல்லு தந்தியடிக்க லுங்கி மேல கோட்டு மாட்டிக்கிட்டு கரண்டியால் தோண்டினேன். ஆமாங்க, சாம்பார்க் கரண்டி. மண்வெட்டி கார் டிக்கியில் இருந்தது, கார் பனிக்குள் இருந்தது :-)

இப்ப டைப் அடிக்கிறப்பவே ஜன்னல் வெளியே வெள்ளையாத்தான் இருக்கு. கரண்டியை எடுத்துக்கிட்டு அந்தக் குழாயை ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடறேன்.

பி.கு.: மண்வெட்டி இப்ப வீட்டுக்குள்ளே, கதவுக்குப் பின்னால்.