கழுத்தை இழுக்கும் தழும்பு... நிமிரவைக்கும் 'ஃப்ளாப்' சர்ஜரி!

இதைப் படிக்கும்போது உங்கள் தலை மொபைலை நோக்கிக் கொஞ்சம் குனிந்துதான் இருக்கும். இப்போ நிமிர்ந்து சீலிங்கைப் பாருங்க. ஒரு செகண்ட் வேலைதானே? ஆனால், கழுத்தில் ஆழமான தீக்காயம் பட்டு ஆறிய சிலருக்கு இது முடியாத காரியம். தழும்பு இறுகி, தாடையை நெஞ்சை நோக்கி இழுத்துவிடும். கீழுதடும் சேர்ந்து இழுபட்டால் வாயை முழுசா மூட முடியாது. இதைத்தான் டாக்டர்கள் 'கான்ட்ராக்சர்' என்கிறார்கள்.

வேற இடத்துத் தோலை எடுத்து ஒட்டினா போதாதா?

ஒட்டலாம். அதுக்குப் பேர் 'கிராஃப்ட்'. தொடையில் இருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து வைப்பார்கள். அதற்கென்று சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. வைத்த இடத்தில் இருந்துதான் உறிஞ்சிப் பிழைக்க வேண்டும். மெல்லிய கிராஃப்ட் நாளாக ஆக மறுபடி சுருங்கும். எப்போதும் அசையும் கழுத்தில் இது பெரிய தலைவலி.

'ஃப்ளாப்' அப்படி இல்லை. தோல், அதன் அடியில் உள்ள கொழுப்பு, தேவைப்பட்டால் தசை என எல்லாம் தன் ரத்தக்குழாயோடு இடம்மாறும். செடியை வேரோடும் மண்ணோடும் பெயர்த்து நடுகிற மாதிரி. அதனால், சுருங்கும் வாய்ப்பு குறைவு.

என்னென்ன வகை இருக்கு?

* இசட் பிளாஸ்ட்டி: கயிறு போல நீளும் தழும்புக்கு. 'இசட்' எழுத்து வடிவில் வெட்டி, இரண்டு முக்கோணத் தோல்களை இடம் மாற்றித் தைப்பார்கள். 60 டிகிரி கோணத்தில் வெட்டினால், கணக்குப்படி 75 சதவிகிதம் வரை நீளம் கூடும்.

* தோள்பட்டை ஃப்ளாப்: காலர் எலும்புக்கு மேலே இருந்து தோள் வரைக்கும் உள்ள தோலைக் கழுத்துக்குத் திருப்புவது. பக்கத்துத் தோல் என்பதால் நிறமும் நல்லா பொருந்தும்.

* நெஞ்சுத் தசை ஃப்ளாப்: புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு அதிகம் கைகொடுப்பது. 1979-ல் ஸ்டீபன் ஆரியன் இதை விவரித்தார். கழுத்தின் பெரிய ரத்தக்குழாய் வெளியே தெரிந்தால், அதை மூடிக் காக்கும் கவசமே இந்தத் தசைதான்.

* ஃப்ரீ ஃப்ளாப்: தொடை அல்லது முன்கையில் இருந்து முழுசா பிரித்தெடுத்து, சில மில்லிமீட்டர் ரத்தக்குழாய்களை மைக்ரோஸ்கோப் வழியாகக் கழுத்தில் இணைப்பது. பல மணி நேர ஆபரேஷன் இது.

ஆபரேஷனுக்குப் பிறகுதான் டென்ஷன்!

முதல் இரண்டு, மூன்று நாள்கள் நர்ஸ் அடிக்கடி வந்து ஃப்ளாப்பைத் தொட்டுப் பார்ப்பார். வெளுத்து, குளிர்ந்து இருந்தால் ரத்தம் உள்ளே வரவில்லை. நீலம் பாய்ந்தால் வெளியேறவில்லை. உடனே கவனித்தால் காப்பாற்றலாம். தாமதித்தால் ஃப்ளாப் செத்துவிடும். சிகரெட் வேண்டாம்னு டாக்டர் கறாரா சொல்றதும் இதனால்தான். நிகோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும்.

நம்ம பங்கு என்ன?

தீக்காயம் பட்டதும் பேஸ்ட், இங்க் எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. கழுத்துக் காயம் என்றால், தலைக்கு உயரமான தலையணை வைக்கக் கூடாது. குனிந்தபடியே படுத்தால் வலி குறைந்த மாதிரி இருக்கும். ஆனால், கழுத்து அந்த நிலையிலேயே இறுகிவிடும். டாக்டர் சொல்லும் காலரையும் பயிற்சிகளையும், வலித்தாலும் விடாமல் தொடர வேண்டும். ஃப்ளாப் வைத்த பிறகும் இதே கதைதான்.

வருஷக்கணக்கான தழும்பு என்றாலும் 'இனி அவ்வளவுதான்' என்று விட்டுவிடாதீர்கள். பிளாஸ்டிக் சர்ஜரி என்றாலே அழகுக்குத்தான் என்று நினைத்துத் தயங்கவும் வேண்டாம். ஒருவர் மறுபடி நிமிர்ந்து எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பதற்கும் அதே பிரிவில்தான் சிகிச்சை இருக்கிறது.