புரதத்தின் தலையெழுத்து

மனித செல் உருவாக்கும் புரத வகைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, எண்டோபிளாச வலைப்பின்னல் என்ற சவ்வுக் கூடத்துக்குள் நுழைந்தாக வேண்டும். இன்சுலின், செரிமான நொதிகள், நோய் எதிர்ப்புப் புரதங்கள் ஆகியவை செல்லை விட்டு வெளியேறும் வழியில் கடக்கும் முதல் வாசல் அதுதான். புரதத்தைக் கோக்கும் ரைபோசோம் இந்தச் சவ்வுக்கு வெளியே இருக்கிறது. சவ்வோ உப்பைக்கூட எளிதில் உள்ளே விடாத கொழுப்புப் படலம். நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அதை எப்படித் துளைத்துச் செல்கிறது? எது உள்ளே போக வேண்டும், எது வெளியே தங்க வேண்டும் என்பதை எது தீர்மானிக்கிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் தெளிவான விடை கிடைக்க ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின.

அந்தக் கூடம் முதன்முதலில் கண்ணில் பட்டது 1945இல். நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கீத் போர்ட்டரும் ஆல்பர்ட் கிளாடும், எர்னஸ்ட் ஃபுல்லமுடன் சேர்ந்து, கோழிக் கருவின் செல் ஒன்றை முழுதாக எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்தார்கள். செல்லின் உட்பகுதியில் பூத்தையல் போல மெல்லிய வலை ஒன்று படர்ந்திருந்தது. எண்டோபிளாச வலைப்பின்னல் என்ற பெயரைப் பின்னர் கொடுத்தவர் போர்ட்டர். கிளாட் வேறு வழியாக முன்பே அதே இடத்துக்கு வந்திருந்தார். கோழிகளுக்கு வரும் ஒரு புற்றுக்கட்டியின் காரணியைத் தேடிச் செல்களை அரைத்து, மையவிலக்கு எந்திரத்தில் சுழற்றிப் பிரித்தவர் அவர். வேகத்தைக் கூட்டக் கூட்ட, கடைசியில் அடியில் படிந்த நுண்துகள்களுக்கு அவர் வைத்த பெயர் மைக்ரோசோம்.

வலையும் துகளும் ஒன்றே என்று காட்டியவர் ருமேனியாவிலிருந்து வந்து அங்கே சேர்ந்த ஜார்ஜ் பலாடே. செல்லை அரைக்கும்போது வலை துண்டு துண்டாக அறுந்து, ஒவ்வொரு துண்டும் தன் வாயைத் தானே மூடிக்கொண்டு சிறு பையாகிவிடுகிறது. அதுதான் மைக்ரோசோம். 1956இல் பிலிப் சீக்கெவிட்ஸுடன் இதை நிறுவினார். பைகளின் வெளிப்புறத்தில் ஒட்டியிருந்த மணிகள்தாம் பின்னர் ரைபோசோம் எனப்பட்டன. இந்தக் கண்டுபிடிப்பின் பயன் பெரிது. உயிருள்ள செல்லுக்குள் எட்ட முடியாத வலைப்பின்னலைச் சோதனைக்குழாயில் பிடித்து வைக்கலாம் என்றாகிவிட்டது. அரைப்பது, பிரிப்பது, பிரித்ததை மறுபடி கூட்டிப் பார்ப்பது என்ற இந்தக் கைத்தொழில்தான் அடுத்த நாற்பது ஆண்டு வரலாற்றை நடத்திச் சென்றது.

1966இல் ராக்கஃபெல்லரில் கால்வின் ரெட்மனும் டேவிட் சபாட்டினியும் மைக்ரோசோம்களில் பியூரோமைசின் என்ற மருந்தைச் சேர்த்தார்கள். கோக்கப்பட்டுக்கொண்டிருக்கும் சங்கிலியை இடையிலேயே அறுத்துவிடும் மருந்து அது. அறுந்த அரைகுறைத் துண்டுகள் வெளியே சிந்தவில்லை, பைக்குள் விழுந்தன. புரதம் முழுதாக முடிந்த பிறகு உள்ளே போவதில்லை, பிறக்கும்போதே நுழைந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இது முதல் உறுதியான தடயம்.

புதிர் இன்னும் கூர்மையானது. சவ்வில் ஒட்டிய ரைபோசோமுக்கும் செல்லில் தனித்து மிதக்கும் ரைபோசோமுக்கும் வேறுபாடு எதுவும் காணவில்லை. அப்படியானால் அடையாளம் எந்திரத்தில் இல்லை. அது கோக்கும் சங்கிலியில்தான் இருக்க வேண்டும். 1967இல் பலாடேயின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த கூன்டர் புளோபெல், சபாட்டினியுடன் சேர்ந்து 1971இல் இந்த எண்ணத்தை ஒரு சிறு கட்டுரையில் படமாகவே வரைந்தார். வெளியேற வேண்டிய புரதங்கள் அனைத்துக்கும் தலைப்பகுதியில் பொதுவான ஒரு தொடர் இருக்கும், அதை ஏதோ ஒரு காரணி கண்டுகொண்டு ரைபோசோமைச் சவ்வோடு இணைக்கும் என்பது அதன் சாரம். கையில் சான்று ஏதும் இல்லாமல் துணிந்து சொன்ன கருத்து அது.

அடுத்த ஆண்டே கேம்பிரிட்ஜிலிருந்து சான்று வந்தது. சேசர் மில்ஸ்டைனின் குழு, நோய் எதிர்ப்புப் புரதத்தின் சிறு சங்கிலியை செல் இல்லாத கரைசலில் உருவாக்கியது. கிடைத்த புரதம், உடலில் காணப்படும் வடிவத்தைவிடச் சற்று நீளமாக இருந்தது. கூடுதல் துண்டு சரியாகத் தலைப்பக்கத்திலேயே இருந்தது. இன்சுலினிலும் இதே கதைதான். 110 அமினோ அமிலங்களோடு தொடங்கும் அதன் முதல் வடிவத்தில், முன்னால் உள்ள 24 அமினோ அமிலங்கள் வாசலைக் கடந்ததும் வெட்டி எறியப்படுகின்றன. தலையெழுத்து என்ற சொல் எழுத்துப்படியே பொருந்தும் இடம் இது.

திருப்புமுனை 1975. புளோபெலும் பெர்ன்ஹார்ட் டோபர்ஸ்டைனும் இரண்டு கட்டுரைகளை வெளியிட்டார்கள். செல் உயிரியலில் கைத்திறன் மிக்க சோதனைகளின் பட்டியலில் இவற்றுக்கு முதல் வரிசையில் இடம் தர வேண்டும். சுண்டெலிப் புற்றிலிருந்து தூது ஆர்.என்.ஏ., முயலிலிருந்து ரைபோசோம், நாயின் கணையத்திலிருந்து சவ்வு என்று மூன்று விலங்குகளின் பாகங்களை ஒரே குழாயில் கூட்டினார்கள். நாயின் கணையம் தற்செயலான தேர்வு அன்று. கணையம் பொதுவாக ஆர்.என்.ஏ.யைச் சிதைக்கும் நொதி நிறைந்த உறுப்பு, தூது ஆர்.என்.ஏ. அங்கே நிலைக்காது. நாயின் கணையத்தில் அந்த நொதி குறைவு.

முடிவுகள் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. கோக்கும் நேரத்தில் சவ்வு உடனிருந்தால், தலைத் தொடர் வெட்டப்பட்டுச் சரியான அளவுப் புரதம் கிடைத்தது. கோத்து முடித்த பின் சவ்வைச் சேர்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குழாயில் புரதம் தின்னும் நொதிகளைச் சேர்த்தார்கள். வெட்டுப்பட்ட சங்கிலிகள் தப்பித்தன. பைக்குள் போய்விட்டதால்தான் அவை தப்பித்தன.

ஆனாலும் எதிர்ப்பு அடங்கவில்லை. புரதம் கடக்கச் சவ்வில் நீர் நிரம்பிய வாயில் ஒன்று உண்டு என்று புளோபெல் சொன்னதைப் பலர் ஏற்கவில்லை. சங்கிலி தன் மடிப்பை மாற்றிக்கொண்டு தானாகவே கொழுப்புப் படலத்துக்குள் நுழைய முடியும் என்று வில்லியம் விக்னர் வாதிட்டார். அதற்கு அவரிடம் பாக்டீரிய வைரஸ் புரதம் ஒன்றின் சான்றும் இருந்தது. வாயிலைக் கண்டுபிடித்துக் காட்டும் வரை இந்த வழக்குக்குத் தீர்ப்பு இல்லை.

வாயிலுக்கு முன் வழிகாட்டிதான் கிடைத்தது. மைக்ரோசோம்களை அடர்ந்த உப்புக் கரைசலில் கழுவினால் அவை செயலிழந்தன. கழுவிய நீரைத் திருப்பி ஊற்றினால் பழையபடி இயங்கின. தேடிய பொருள் அந்த நீரில்தான் கரைந்திருந்தது. புளோபெலின் மாணவர் பீட்டர் வால்ட்டர் 1980இல் அதைப் பிரித்தெடுத்தார். ஆறு புரதங்கள் கொண்ட அந்தக் கூட்டில் ஏறத்தாழ 300 எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ.யும் இருப்பது 1982இல் தெரிந்தது. அதனால் புரதம் என்ற பெயரைக் கைவிட்டு, சமிக்ஞை உணர் துகள் என்று அழைத்தார்கள். தலைத் தொடர் ரைபோசோமிலிருந்து எட்டிப் பார்த்ததும் இந்தத் துகள் அதைப் பற்றிக்கொண்டு, கோக்கும் வேலையைத் தணித்து, ரைபோசோமைச் சவ்வுக்கு அழைத்து வருகிறது. அங்கே அதை ஏற்கும் புரதத்தை ஹைடெல்பர்க்கில் டோபர்ஸ்டைனின் குழுவும், நியூயார்க்கில் புளோபெலின் குழுவும் 1982இல் தனித்தனியே கண்டன.

வாயிலைத் தேடிய அடுத்த கை ஈஸ்டைப் பிடித்தது. பெர்க்லியில் ராண்டி ஷெக்மனின் மாணவர் ரேமண்ட் டெஷேய்ஸ் செய்த உபாயம் மிக நேர்த்தியானது. ஹிஸ்டிடினால் என்ற பொருளை ஹிஸ்டிடின் அமினோ அமிலமாக மாற்றும் நொதியின் முன்னால் தலைத் தொடர் ஒன்றை ஒட்டினார். நொதி வலைப்பின்னலுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டதால், ஹிஸ்டிடினுக்குப் பதிலாக ஹிஸ்டிடினாலை மட்டும் கொடுத்தபோது ஈஸ்ட் பட்டினி கிடந்தது. வாயில் பழுதான ஈஸ்ட்டில் மட்டும் நொதி வெளியே தங்கி வேலை செய்தது. அது மட்டும் வளர்ந்தது. பழுதை உயிர்பிழைப்பாக மாற்றிய இந்தச் சோதனை 1987இல் செக்61 என்ற மரபணுவைக் கொடுத்தது.

மீதி விரைவாக நடந்தது. 1991இல் சான்ஃபோர்ட் சைமனும் புளோபெலும், அறுந்த சங்கிலி வெளியேறியதும் சவ்வில் மின்னோட்டம் பாயும் துளை திறப்பதை அளந்தார்கள். 1992இல் பெர்லினில் டாம் ராப்போபோர்ட்டின் குழு, பாலூட்டிகளிலும் செக்61 இருப்பதையும், அது பாக்டீரியாவின் செக்ஒய் புரதத்தோடு உறவுடையது என்பதையும் காட்டியது. மறு ஆண்டு டிர்க் கோர்லிச்சும் ராப்போபோர்ட்டும் தூய கொழுப்புப் பைகளில் செக்61 தொகுதி, துகளை ஏற்கும் புரதம், சில சங்கிலிகளுக்கு மட்டும் தேவைப்படும் மூன்றாவது புரதம் ஆகியவற்றைப் பதித்துக் கடத்தலை முழுவதுமாக நடத்திக் காட்டினார்கள். வாயில் உண்டா என்ற வழக்கு அத்துடன் முடிந்தது. எல்லாப் புரதங்களும் பிறக்கும்போதே நுழைவதில்லை என்பதும் இதற்குள் தெரிந்திருந்தது. ஈஸ்ட்டில் பல சங்கிலிகள் முழுதாகக் கோக்கப்பட்ட பின்னரே அதே வாயில் வழியாக நுழைகின்றன.

1999இல் மருத்துவ நோபல் பரிசு புளோபெலுக்குத் தனியாக வழங்கப்பட்டது. சைலீசியாவில் பிறந்த அவர், 1945இல் குடும்பத்தோடு தப்பி ஓடிய சிறுவனாக டிரெஸ்டன் நகரத்தைக் கண்டவர். குண்டுவீச்சில் அழிந்த அந்நகரின் தேவாலயத்தையும் யூதர்களின் தொழுகைக் கூடத்தையும் மீண்டும் எழுப்பப் பரிசுப் பணத்தைக் கொடுத்துவிட்டார்.

வாயிலின் அணு அமைப்பு 2004இல் வெளிவந்தது. கடலடி வெந்நீர் ஊற்றில் வாழும் ஓர் ஆர்க்கியா நுண்ணுயிரின் செக்ஒய் புரதத்தைப் படிகமாக்கி ராப்போபோர்ட்டின் குழு அதைக் கண்டது. வாயில் உடுக்கையைப் போல நடுவில் குறுகியிருக்கிறது. இடுப்பில் கொழுப்புத்தன்மையுள்ள அமினோ அமிலங்களின் வளையம். சங்கிலி வராதபோது துளையை அடைத்துக்கொள்ள ஒரு தக்கை. சவ்வில் தங்கிவிட வேண்டிய புரதங்களைப் பக்கவாட்டில் வெளியே விட ஒரு பிளவு. பாக்டீரியாவிலிருந்து மனிதர் வரை இந்த அமைப்பு அடிப்படையில் ஒன்றே.