மன்னாரின் குருதியும் கோவாவின் இரக்கமும்

பிற நாட்டு மக்களின் துயர் குறித்து அதிகார பீடங்கள் வெளியிடும் அனுதாபத்தை, அதனைத் தொடர்ந்த செயல்களைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும். மன்னார்த் தீவின் பதினாறாம் நூற்றாண்டு வரலாறு இதற்குத் தெளிவானதொரு சான்றாகும்.

1544 ஆம் ஆண்டில், பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவிடம் திருமுழுக்குப் பெற்ற மன்னார் மக்கள் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணைப்படி கொல்லப்பட்டனர். மாண்டோர் அறுநூறுக்கும் மேற்பட்டோர் என்பது மரபு. மதம் மாறிய கரையோர மக்கள் போர்த்துக்கேய முடியைச் சார்ந்துவிடுவர் என்ற அச்சமே மன்னனைத் தூண்டியது எனலாம். முத்துக்குளிப்பும் வணிகமும் நிகழ்ந்த கரையை இழப்பது அரசிறையை இழப்பதாகும். எனினும், இக்காரணம் கொலையை நியாயப்படுத்தாது.

சவேரியார் கோவாவின் தேசாதிபதி மார்ட்டிம் அபொன்சோ டி சூசாவிடம் முறையிட்டார். தேசாதிபதியும் சினங்கொண்டு படையெடுப்புக்கு ஆணையிட்டார். 1545 இல் சவேரியார் நாகபட்டினத்தில் படையை எதிர்பார்த்திருந்தார். அவ்வேளை, பெகுவிலிருந்து வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்ட, அதன் சரக்குகள் மன்னன் கைவசமாயின. அவற்றை மீட்கும்வரை அவனைப் பகைத்தல் உசிதமன்று எனக் கருதப்பட்டது. படையெடுப்பு நிகழவில்லை. சவேரியார் மயிலாப்பூர் சென்றார். அவருடைய துயரின் மெய்ம்மையை நாம் ஐயுறவில்லை; அத்துயரைத் தன் மொழியாக்கிக்கொண்ட நிருவாகமோ உயிர்களைச் சரக்கோடு நிறுத்துப் பார்த்தது.

1560 இல் பதிலரசர் கொன்ஸ்தந்தீனு டி பிறகன்சா யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்தார். நல்லூரைக் கைப்பற்றியும் அங்கு நிலைகொள்ள இயலாத அப்படை, மன்னாரைத் தன்வசப்படுத்திக் கோட்டை கட்டியது. புன்னைக்காயலின் பரதவக் கிறித்தவர்கள் இங்குக் குடியேற்றப்பட்டனர். அவர்களுக்குக் காவல் என்பது கூறப்பட்ட காரணம். முத்துக்குளிப்பில் தேர்ந்த அவர்தம் உழைப்பு கோட்டையின் நிழலுக்குள் வந்தமை அதன் பயன். 1658 இல் மன்னார் ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டபோது, காவலர் எனப்பட்டோர் அங்கிருக்கவில்லை.

இது பறங்கியர்க்கு மட்டும் உரிய இயல்பன்று. 1983 இன் பின்னர் மன்னார்க் கரையிலிருந்து படகேறி இராமேசுவரம் அடைந்தோர் பலர். அவர்தம் துயர் தமிழகத் தேர்தல் மேடைகளில் ஓயாது ஒலித்தது. ஆயின் 2019 இன் இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரையே கருத்திற் கொண்டது. இலங்கை அதில் இடம்பெறவில்லை.

அனுதாபம் கூறுவோர் அதன்பொருட்டு எதனை இழக்க ஆயத்தமாயுள்ளனர்? ஆய்வாளர் முதற்கண் எழுப்பவேண்டிய வினா இதுவே. 1545 இல் ஒரு கப்பற் சரக்கையும் இழக்க எவரும் ஆயத்தமாயிருக்கவில்லை. மாண்டோரை இன்றும் நினைவுகூர்வோர் தோட்டவெளியில் வழிபடும் மன்னார் மக்களே.