காற்றின் வழி: ஒரு குளியலறைச் சன்னலின் வரலாறு

விருதுநகர், சிவகாசி வட்டாரத்துப் பழைய வீடுகளில் குளியலறையைப் புதுப்பிக்க முனைவோர் பலர் முதலில் பெயர்த்தெடுப்பது அதன் மரச்சன்னலைத்தான். ஈரத்தில் ஊறிய சட்டம் உளுத்திருக்கும், கம்பிகள் துருவேறியிருக்கும். அதை அகற்றுவதில் நமக்கு மறுப்பில்லை. அவ்விடத்தில் எதை வைக்கிறோம் என்பதே கேள்வி.

இத்திறப்புக்குத் தமிழில் பெயர்கள் பல. சிலப்பதிகாரம் காலதர் என்றும் சாளரம் என்றும் வழங்குகிறது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஜன்னலோ போர்த்துக்கீசியரின் ‘ஜனேலா’விலிருந்து வந்த சொல். நாம் புழங்குவது ஜன்னலை. குளியலறைக்குப் பொருந்துவது காலதர். வேடிக்கை பார்க்க அங்கே எவரும் சன்னல் வைப்பதில்லை.

இக்கரிசல் பூமியில் குளியலறை வீட்டுக்குள் வந்ததே பிற்காலத்தில்தான். கிணற்றடியிலும் புழக்கடைத் தட்டி மறைப்பிலும் குளித்தவர்களுக்கு வானமே சாளரம். காமராஜர் முதல்வராயிருந்த காலத்தில் (1954–63), விருதுநகரில் தம் தாயார் வீட்டுக்கென்று தனியாகப் போடப்பட்ட குடிநீர்க் குழாயை அகற்றச் சொன்னார் என்று இன்றும் சொல்லப்படுகிறது. வீட்டுக்குள் வரும் தண்ணீர் அன்று எத்தகைய சலுகையாகக் கருதப்பட்டது என்பதை அது உணர்த்துகிறது. பின்னர் குளிக்குமிடத்துக்குக் கூரை வந்தது, வானம் மறைந்தது, ஈடாகச் சுவரில் ஒரு சன்னல் வந்தது. கள்வர் பயத்தால் அதற்கும் இரும்புக் கம்பி.

இதே மாவட்டத்தின் பட்டாசுக் கொட்டகைகளில் திறப்பின் இலக்கணம் வேறு. சிவகாசியில் 1923இல் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. பட்டாசு அதைப் பின்தொடர்ந்தது. 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளின்படி கொட்டகைக் கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உட்புறத்தில் இரும்பு வெளித்தெரியக் கூடாது. வீட்டுச் சன்னல் வெளியாரைத் தடுக்கிறது. கொட்டகைக் கதவு உள்ளிருப்போரைத் தப்புவிக்கிறது. திறப்பு என்பது உயிர் சம்பந்தப்பட்டது என்பதைத் தொழிலிடத்தில் சட்டம் எழுதி வைத்திருக்கிறது.

வீட்டில் அதை நாமே நினைவில் கொள்ள வேண்டியிருக்கிறது. அலுமினியச் சட்டமோ யூபிவிசியோ, இரண்டும் ஈரத்தில் உளுக்காதவை. கண்ணாடிப் பட்டைகளைச் சாய்த்து அடுக்கிய லூவர் மறைப்பும் தரும், காற்றும் விடும். கீழ்க்கட்டையை வெளிப்புறம் சரித்துப் பூசினால் மழைநீர் தங்காது. தேசியக் கட்டட விதித்தொகுப்பும் குளியலறைக்குக் காற்றோட்டம் கேட்கிறது. ஆயினும் அழகுக்காகப் பழைய திறப்பைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டுச் சிறு விசிறித் துளையோடு நிறுத்திக்கொள்வோர் உண்டு. மின்சாரம் போனால் அந்த விசிறி நின்றுவிடும். அடைத்த அறைக்குள் கேஸ் கீசர் எரிந்தால் சேர்வது கார்பன் மோனாக்சைடு. மணமில்லை, நிறமில்லை, மயக்கமே முதல் எச்சரிக்கை.

நாள் முழுதும் அலுமினியத் தூளும் மருந்தும் படிந்த உடலோடு திரும்பும் தொழிலாளிக்குக் குளியலறைதான் அன்றைய தொழில் முடியுமிடம். சன்னலை மாற்றலாம், காலதரை அடைக்கலாகாது.