டாப், ஹென்றி (1915–2005)

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் பிறந்த அமெரிக்கக் கனிம வேதியியலாளர். 1940இல் பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்றார். கார்னெல், சிகாகோ, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகங்களில் பணியாற்றினார். சிகாகோவில் மாணவர்களுக்கான பாடத்தைத் தயாரிக்கும்போதுதான் அணைவுச் சேர்மங்கள் அவரை ஈர்த்தன.

குளோரைடு இணைந்த கோபால்ட்(III) அணைவை குரோமியம்(II) கரைசலுடன் வினைபுரியச் செய்து, 1953இல் அவர் வெளியிட்ட சோதனை எளிமையிலேயே அழகானது. எலக்ட்ரான் கோபால்ட்டுக்குப் போனது. குளோரைடோ குரோமியத்திடம் வந்து ஒட்டிக்கொண்டது. இரு உலோகங்களையும் ஒரே நேரத்தில் பற்றியிருந்த அந்தக் குளோரைடுதான் எலக்ட்ரான் கடந்த பாலம்.

1969இல், ஸ்டான்ஃபோர்டில், மாணவி கேரல் க்ரூட்ஸுடன் ஒரு புதிய அயனியை உருவாக்கினார். தலா ஐந்து அம்மோனியா சூழ்ந்த இரு ருத்தேனியம் அணுக்கள், நடுவே ஒரு பைரசீன் வளையம், மொத்த மின்சுமை +5. கணக்குப்படி ஒன்று +2, மற்றது +3. எலக்ட்ரான் ஒரு பக்கம் தங்குகிறதா, இரண்டுக்கும் பொதுவா என்ற விவாதம் பல்லாண்டு நீடித்தது. ஒற்றை மூலக்கூறை மின்கம்பியாகப் பயன்படுத்த முனையும் மூலக்கூறு மின்னணுவியலுக்கு, ‘க்ரூட்ஸ்–டாப் அயனி’ இன்றும் அடிப்படை மாதிரி. அவருடைய பணிகளில் மிகத் தொலைநோக்குடையது இதுவே எனலாம்.

உலோக அணைவுகளில் எலக்ட்ரான் மாற்றம் நிகழும் வழிமுறைகளை விளக்கியதற்காக 1983இல் வேதியியல் நோபல் பரிசை அவர் தனியாகப் பெற்றார்.