கல்லறைக் கிறிஸ்துவும் ருஷ்ய நாவலாசிரியரும்

விசுவாசம் செவிவழியே பிறப்பது என்று கற்றவர்கள் நாம். கண்வழியே வருவதைச் சீர்திருத்த மரபு ஐயத்துடனேயே நோக்கி வந்திருக்கிறது. 1529ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாசல் நகரத்தார் பேராலயத்துள் புகுந்து சொரூபங்களை உடைத்துத் தீக்கிரையாக்கினர். அந்நகரில் இளைய ஹான்ஸ் ஹோல்பைன் 1521-22இல் தீட்டிய ஓர் ஓவியமோ அழியாமல் நின்றது. அது இன்றும் அந்நகர ஓவியக் காட்சியகத்தில் உள்ளது.

அதன் உயரம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். நீளம் 2 மீட்டர். கல்லறைக்குள் கிறிஸ்துவின் உடல் கிடக்கிறது. அழுவோர் எவருமில்லை, ஒளிவட்டமுமில்லை. கண்ணும் வாயும் திறந்திருக்க, முகமும் கையும் கால்களும் பச்சை படர்ந்து கறுத்திருக்கின்றன.

1867 ஆகஸ்டில் ஜெனீவா செல்லும் வழியில், இதைக் காண்பதற்கென்றே தாஸ்தயேவ்ஸ்கி பாசலில் இறங்கினார். சைபீரியச் சிறைக்குச் செல்லும் வழியில் தமக்களிக்கப்பட்ட புதிய ஏற்பாட்டை இறுதிவரை காத்துவந்தவர் அவர். ஆகவே சிலுவையின் செய்தி அவருக்குப் புதிதன்று. ஆயினும் அவர் மனைவி அன்னா வேறு அறைகளைச் சுற்றிவிட்டு வந்து பார்த்தபோது, அவர் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். காக்காய்வலிப்புத் தொடங்கும் வேளையில் தோன்றும் அச்சம் அவர் முகத்தில் தெரிந்ததாகவும், தாம் அவரை அழைத்துச் சென்று அமரவைத்ததாகவும் அன்னா எழுதியுள்ளார். ஓவியத்தை அருகில் காண அவர் நாற்காலிமீது ஏறினார் என்பதும், அபராதம் விதிப்பார்களோ என அம்மையார் அஞ்சினார் என்பதும் அவருடைய நாட்குறிப்பிலிருந்து நாம் அறிவன.

அடுத்த ஆண்டு ஜனவரியில் 'அசடன்' நாவல் தொடராக வெளிவரத் தொடங்கியது. அதில் ரகோஷின் வீட்டில் இவ்வோவியத்தின் பிரதி தொங்குகிறது. இதைக் கண்டால் ஒருவன் விசுவாசத்தையே இழக்கக்கூடும் என்கிறான் இளவரசன் மிஷ்கின். காசநோயால் சாகவிருக்கும் ஈப்பொலித் என்னும் இளைஞன் இன்னும் கடுமையாகக் கேட்கிறான்: இத்தகைய உடலைக் கண்ட சீஷர்கள், இவர் உயிர்த்தெழுவார் என்று எவ்வாறு நம்பியிருக்கக்கூடும்?

இவ்வினாவை அவிசுவாசியின் வாதமென்று ஒதுக்குவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. பெரிய வெள்ளியின் ஏழு வார்த்தைகளை விரித்துரைக்கும் நம் பிரசங்கபீடங்கள், மறுநாளைப் பற்றிப் பெரும்பாலும் மௌனமாகிவிடுகின்றன. விசுவாசப் பிரமாணத்தில் அடக்கத்தைக் கூறும் சொல்லையும் விரைந்தே கடக்கிறோம். அச்சொல்லின் முன் ஹோல்பைன் தாஸ்தயேவ்ஸ்கியை நிறுத்திவைத்தார். அவரும் அங்கிருந்து எளிதில் தப்பிக்கொள்ளவில்லை.

ஈப்பொலித்தின் வினாவை நாவலில் எவரும் வாதத்தால் வெல்வதில்லை. இறுதியில், அந்த ஓவியம் தொங்கும் அதே வீட்டில், ரகோஷினால் கொலையுண்ட நஸ்தாஸ்யாவின் உடல் வெள்ளைத்துணி போர்த்திக் கிடக்கிறது. கொலைஞன் பிதற்றுகிறான். மிஷ்கின் இரவெல்லாம் அவனருகிருந்து, அவன் தலைமயிரையும் கன்னங்களையும் தடவிக்கொடுக்கிறான்.